பாப்பாவுக்கு, சானா பெட்டியைப் பிரிக்கும் முன்னால்

கொருக்குப்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் பாதியில் பேரன் வந்துவிடுகிறான், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வீட்டுக்குப் பின்னால் சானா போடப்போகிறோம் என்று நீ சொன்னது அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நொச்சி இலை போட்டு வேது பிடிப்போமே, அதையே ஒரு மர அறைக்குள் உட்கார்ந்து செய்வது மாதிரி என்று சொன்னேன். "அந்தக் குளிருக்கு வேணும்தான்" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். மின்னசோட்டாவில் பனி விழ ஆரம்பித்தால் மாசக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம் என்று நீ சொன்னது மனதிலேயே இருக்கிறது. தாராளமாகப் போடு.

ஆனால் ஏழாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும் என்றாயே, அது முடியாது கண்ணு. நீ அனுப்பிய விலைப் பட்டியலை நாலு தடவை படித்தேன். 6,200 டாலர் என்பது பலகை, பெஞ்சு, கதவு, பட்டை, அவ்வளவுதான். ஹீட்டரும், அதன் மேல் அடுக்கிச் சூடேற்றும் கல்லும் தனி, 1,300. லாரி வாடகை 450. கூரைத் தகடு 350. தரை போட 900. மெயின் போர்டிலிருந்து பள்ளம் தோண்டி ஒயர் இழுத்துக் கொடுக்க 2,400. எல்லாம் நீ வாங்கிய கொட்டேஷன்தான், நான் கூட்டினேன், 11,600 வருகிறது. பணம் இடித்தால் ஆறு பேர் உட்காரும் அளவை விட்டுவிட்டு நாலு பேர் அளவுக்கு வா. உள்ளே ஒரு கன மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட் ஹீட்டர் வேண்டும். அறை சிறிதானால் ஹீட்டரும் சிறிது, ஒயரும் சிறிது, மாசாமாசம் பில்லும் குறைவு. தரையிலும் ஒயரிலும் மட்டும் ஒரு டாலர்கூடக் குறைக்காதே.

தரையை முதலில் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் தெருவில் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். இங்கே தண்ணீர் மேலே வந்து நிற்கும், ஒரு வாரத்தில் வடிந்துவிடும். உங்கள் ஊரில் அது மண்ணுக்குள்ளேயே ஐஸாகிவிடும். ஐஸானால் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், மேலே இருப்பதைத் தூக்கும். ஒரு மூலை தூக்கி இன்னொரு மூலை தூக்காவிட்டால் கதவு இடிக்கும், பலகை மூட்டு பிரியும். அதனால் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி கொட்டி, அடுக்கடுக்காகத் திமிசு போடச் சொல். தண்ணீர் அதில் நிற்காமல் இறங்கிவிட வேண்டும். ரசமட்டம் வைத்து நீயே பார். வேலைக்காரர் "சரியா இருக்கு" என்றால் போதாது.

பீப்பாய் வடிவம் எடுத்திருக்கிறீர்கள் என்பதால் மரத்தைப் பற்றி நம் காசிமேட்டு மாமாவிடம் கேட்டேன். நாற்பது வருஷம் படகு வேலை செய்தவர். படகுப் பலகை தண்ணீரில் இறங்கினால் உப்பி, இடுக்கு தானாக மூடிக்கொள்ளும், இது சூட்டில் காய்கிற சமாச்சாரம், சுருங்கும் என்றார். சுற்றியிருக்கும் எவர்சில்வர் பட்டையை முதல் சில மாதம் அவ்வப்போது முடுக்கிக்கொண்டே இரு. உள்பக்கம் வார்னிஷ், பெயின்ட் எதுவும் அடிக்காதே. சூடேறினால் அந்த வாடையைத்தான் சுவாசிப்பீர்கள்.

இப்போது என் எலக்ட்ரீஷியன் வேலைக்கு வருகிறேன்.

நீ பார்த்து வைத்திருக்கும் ஹீட்டர் 8 கிலோவாட். 240 வோல்ட்டில் 33 ஆம்ப்ஸ் இழுக்கும். நீண்ட நேரம் ஓடும் லோடுக்கு அங்கே கால் பங்கு கூட்டிக் கணக்குப் போடுவார்கள், 42 வரும். அதற்கு 50 ஆம்ப்ஸ் பிரேக்கர், 6-ஆம் நம்பர் காப்பர் ஒயர். இங்கேதான் நீ ஏமாறக்கூடாது. அந்த 6, நம் ஊர் ஆறு ஸ்கொயர், அதாவது ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயர் கிடையாது. அங்கே நம்பர் குறையக் குறைய ஒயர் தடிக்கும். அவர்கள் 6 நம் கணக்கில் 13 ஸ்கொயருக்கு மேலே. நீ சின்ன வயதில் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய நம்பர் கையில் தானாக வரும், அதனால் சொல்கிறேன்.

சொந்த வீட்டுக்கு ஓனரே ஒயரிங் செய்யலாம், பெர்மிட் எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் காட்டினால் போதும் என்றாய். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் எனக்கு டெஸ்டர் எடுத்துக் கொடுத்தவள். ஆனாலும் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1994-இல் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு கெய்சர் மாட்டினேன். 3 கிலோவாட், வெறும் 13 ஆம்ப்ஸ். தனி லைன் இழுக்கவில்லை, பழைய லைனிலேயே கொடுத்தேன். ஒரு கனெக்‌ஷனில் ஸ்க்ரூவைக் கடைசி அரைத் திருகு இறுக்காமல் விட்டிருக்கிறேன். சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும், ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. மூன்றாவது மாதம் அந்த வீட்டுப் பையன் மீன் கருகுகிற மாதிரி வாடை வருகிறது என்று சொல்லி மெயினை ஆஃப் செய்தான். நான் போய்த் திறந்தபோது ஒயரின் தோல் பாகு மாதிரி ஒழுகி நின்றது, பித்தளை கறுத்துப்போயிருந்தது, மேல் பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கரி. ஐந்து பேர் தூங்குகிற வீடு அது. அந்தப் பையன் மூக்கால்தான் பிழைத்தார்கள். இத்தனைக்கும் அது 13 ஆம்ப்ஸ். உன்னுடையது 33, அதுவும் மர அறைக்குள்.

அதனால் இப்படிச் செய். பள்ளத்தை நீயும் மாப்பிள்ளையும் தோண்டுங்கள், பைப்பையும் நீங்களே போடுங்கள், கூலியில் நல்ல தொகை மிச்சமாகும். பிவிசி பைப் என்றால் 18 அங்குல ஆழம். மண்வெட்டி எடுப்பதற்குச் சில நாள் முன்னால் 811-க்குப் போன் பண்ணு, கேஸ், கரன்ட் லைன் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறி போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு முனையிலும் கனெக்‌ஷன் கொடுப்பதை மட்டும் லைசென்ஸ் உள்ளவர் செய்யட்டும். நீ பக்கத்தில் நின்று பார். எர்த் விஷயத்தில் "இருக்கு" என்ற பேச்சை நம்பாதே, அளந்து காட்டச் சொல்.

இன்னும் ஒன்று. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த ஹீட்டர் காயில், உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போட்டதும் பிரேக்கர் விழுந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அதற்காகப் பாதுகாப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்காதே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டு.

கல்லை ஹீட்டரோடு சேர்த்து விற்பதையே வாங்கு. ஆற்றங்கரையில் பொறுக்கிய கல்லில் ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். கழுவி, காற்று போகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்கு. முதல் தடவை யாரும் உள்ளே உட்காராமல், கதவைத் திறந்து வைத்து ஓட விடு. கதவு வெளிப்பக்கம் தள்ளித் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் வேண்டவே வேண்டாம்.

பில்லையும் மனதில் வை. ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இங்கே இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசமாகக் கொடுத்துவந்த 100 யூனிட், உன் சானா பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். அம்மா பேரனை இப்போதைக்கு உள்ளே உட்கார வைக்காதே என்கிறாள். நானும் அதைத்தான் சொல்கிறேன், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கனெக்‌ஷன் கொடுத்த அன்று, மூடியைப் போடும் முன்னால், மெயின் போர்டையும் ஹீட்டர் பெட்டியையும் போட்டோ எடுத்து அனுப்பு. டார்ச் அடித்து, ஒவ்வொரு ஸ்க்ரூவும் தெரிகிற மாதிரி கிட்டத்தில். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா