எந்தத் தோட்டத்து முதலாளி இவர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

காதல் நாவல் படிக்கும் பெண்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த நேரம் எப்போது கிடைக்கிறது என்று அவர் யோசித்தாரா தெரியவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு, அடுப்பு வேலை முடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு மிஞ்சுகிற அரை மணி நேரம்தான் அது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு நாவல் வந்தால் காம்பரா காம்பராவாகச் சுற்றி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல்தான் திரும்பும். முடிவுதான் தெரியுமே, யாரும் அதைத் தேடுவதில்லை.

நானும் விடாமல் படிக்கிறவள்தான். கதாநாயகனின் காரோ பங்களாவோ என்னை இழுப்பதில்லை. கதாநாயகியின் முகம் வாடியிருப்பதைக் கண்டு "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறானே, அந்த இடத்துக்காகத்தான் படிக்கிறேன்.

ஆனால் அதே ஆள்தான் சில அத்தியாயங்களுக்கு முன் அவளைக் கன்னத்தில் அறைந்திருப்பான், மிரட்டித் தாலியும் கட்டியிருப்பான். கேட்டால் அளவு கடந்த அன்பாம்! பக்கத்துக் காம்பராவில் அடி விழுந்தால் சுவர் தாண்டிச் சத்தம் கேட்கும், எல்லாரும் எழுந்து போய் ஏசுவோம். பங்களாவில் விழுந்தால் மட்டும் அது காதலா?

அப்புறம் இந்த நாவல்களில் நாயகனாக வரும் தேயிலைத் தோட்ட முதலாளி. பரம்பரையாக ஐந்நூறு ஏக்கர் வைத்திருக்கிறாராம். நீலகிரியில் இருக்கலாம், இங்கே இலங்கையில் நடக்காது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர்தான் என்று வரம்பு கட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. 1992இலிருந்து அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. சரி, கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் ஜீப்பில் போகும்போது கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரித்துக் கையசைக்கிறார்களே, அதை எப்படி விடுவது? தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குத் துணி, காலில் இரத்தம் குடிக்கும் அட்டை, இரண்டு கையும் கொழுந்தில். எந்தக் கையை அசைப்பது? இத்தனை நாவல்களில் அந்த வரிசையில் நிற்கும் ஒருத்தியையாவது யாராவது காதலித்து நான் படித்ததில்லை.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரம் உள்ளூர் நாவல்களை வரிசையாக வெளியிட்டது. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இந்தியப் புத்தகத்தின் விலையைப் பார்த்தாலே கை பின்வாங்குகிறது. ஆகவே உங்கள் வாரப் பதிப்பிலேயே மலையகத்துக் காதல் தொடர் ஒன்றைப் போடுங்களேன். நாயகன் ஆட்டோ ஓட்டட்டும், கொழும்பில் கடையில் நிற்கட்டும், கை நீட்டாதவனாக இருந்தால் போதும். ஒரேயொரு வேண்டுகோள்: எங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எழுத்தாளர்கள் யாரையாவது சாகடித்துவிடுகிறார்கள். இந்தத் தொடரில் அது வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி,
தலவாக்கலை.