கொண்டி அனுப்பாதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

போன கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "மெல்பேர்னில் ஜீப்பின் ஸ்பெயர் டயர்க் கையைப் பிடித்து வைக்க நல்ல கொண்டி கிடைக்கும், ஒன்று வாங்கிப் பொதியில் போட்டுவிடட்டா?" என்றாய். நான் ம்ம் என்று இழுத்தேன். பக்கத்தில் மனிசி நின்றாள். ஜீப்புக்குச் செலவு என்ற பேச்சை அவள் காதுபட நான் எடுப்பதில்லை. இப்போது சொல்கிறேன், அனுப்பாதே. கொண்டியில் பிழையே இல்லை. பிழை வேறெங்கோ என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதமும் மூன்று கொண்டியும் போயின. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை இது, அதுதான் கடிதம்.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்தது. கடைசி மழை சாய்த்துவிட்ட இரண்டு வரவையைத் தவிர மற்றதெல்லாம் குறை சொல்ல முடியாது. பங்குனி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எப்படி இருக்கப்போகிறதோ. சின்ன மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். அவளும் இந்தக் கதைக்குள் வருவாள்.

ஜீப்பின் பின்பக்கம் உனக்கு நினைவிருக்கும்தானே? நீ இங்கே இருந்த காலத்தில் ஸ்பெயர் டயர் பின்கதவில்தான் தொங்கியது. படுவான்கரைக் குழிகளில் வருஷக்கணக்காகக் குலுங்கி, கதவுத் தகடே பிணைச்சலைச் சுற்றி வெடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகுதான் பின் பம்பரை இரும்பில் அடித்து, வலப்பக்க மூலையில் ஓர் அச்சு நாட்டி, டயரைச் சுமக்கிற கை ஒன்றை அதில் பூட்டினேன். படலை திறக்கிற மாதிரிக் கையை இழுத்துத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். பழைய லேண்ட் குருஸர் 40களில் இந்த மாதிரிக் கை கம்பனியிலேயே பூட்டி வந்தது, நீயும் கண்டிருக்கிறாய். மூடிய பிறகு கையின் இடப்பக்க நுனியைப் பம்பரோடு பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு கொண்டிதான்.

மார்கழியில் ஒருநாள் வெள்ளாப்பில் வயல் வட்டைக்குப் புறப்பட்டேன். வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு தாண்டி, ஆயித்தியமலைப் பக்கம் ஒரு மதகு. மழைக்கு மதகின் இரண்டு பக்கமும் மண் அரித்துப் பள்ளமாகிக் கிடந்தது. இறங்கும்போது ஒரு தூக்கிப் போடல். ஏறும்போது கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு ஹோர்ன், உடனே ஒரு தூஷணம். கண்ணாடியில் பார்த்தால் டயரும் கையுமாக நடுரோட்டுப் பக்கம் விரிந்து நிற்கிறது! என்னை முந்த வந்த மோட்டார் சைக்கிள்காரன் சேற்றில் சறுக்கி, காலை ஊன்றி ஒருமாதிரி நிறுத்திவிட்டான். முன்னால் தாங்கியில் ஒரு பிள்ளை. அவன் திட்டியதில் ஒரு சொல்லும் கூடுதலில்லை மச்சான். இறங்கி மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைதான் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்றைக்குப் பழைய சைக்கிள் டியூப்பால் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். மறுகா தொடங்கியது கொண்டிப் படலம்.

முதல் கராஜில், ஸ்பிரிங் இளகிவிட்டது என்று புதுக்கொண்டி போட்டார்கள். மூன்று கிழமை. அடுத்த இடத்தில், இது சின்னது, பாரம் தாங்காது என்று கேற்றுக்குப் போடுகிற பெரிய கொண்டியை வெல்ட் பண்ணித் தந்தார்கள். அது திறக்கவில்லை, உண்மை. ஆனால் மூடவும் ஏலாது. ஒவ்வொரு தடவையும் முழங்காலால் டயரை முட்டுக்கொடுத்துத் தூக்கித்தான் கொண்டியை மாட்ட வேண்டும். முழங்காலால் தூக்க வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டியவன் நான். யோசிக்கவில்லை. மூன்றாவதாகக் காத்தான்குடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் நெம்புகோல் கொண்டி ஒன்று கண்டேன், நீ அனுப்புவதாகச் சொன்ன அதே சாதி.

அந்தச் சாதிக் கொண்டி நல்ல சாமான்தான். அம்மாவின் றங்குப்பெட்டியில் இருந்ததே, வளையத்தை மாட்டிப் பிடியை அமத்தினால் 'டக்' என்று படுத்துக்கொள்ளும், அதே வேலை. பிடியை அமத்தும்போது பாதி வழிவரை எதிர்த்துக்கொண்டு வரும். வளையம் இழுக்கிற கோடு பிடியின் அச்சைத் தாண்டி ஒரு நூலளவு அந்தப் பக்கம் போனதும் இழுவை தலைகீழாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடி படுத்திருக்கும். ஆனால் அந்த நூலளவு கிடைக்க வேண்டும். கை ஒரு விரல் கீழே தொங்கினால் வளையம் சரிந்து இழுக்கும், பிடி முழுக்கப் படுக்காது, ஒரு குலுக்கலில் எழும்பிவிடும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. படுக்காத பிடியைப் படுக்க வைப்பதற்காக வளையத்தின் மரையை இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன். உன்னிச்சைக் குளத்தடியில் ஒருநாள் பிடியின் கழுத்து வெடித்துக் கையோடு வந்தது.

உண்மை தெரிந்தது ஒரு பங்சரால். மாசிக் கடைசியில் வயல் வாடியில் வைத்து முன்சில்லு காற்றுப் போய்விட்டது. ஸ்பெயரைக் கழற்றி மாட்டினேன். டயரும் டீசல் கேனும் இறக்கிய வெறும் இரும்புக் கையைச் சும்மா தள்ளினேன். நம்பமாட்டாய், ஒரு விரலால் தள்ளிய கை நேராகப் போய், வெடித்த கொண்டியின் வாய்க்குள் அச்சொட்டாக உட்கார்ந்தது. நான் அப்படியே நின்றேன். பங்சர் ஒட்டிய டயரைத் திரும்ப ஏற்றினேன், கை கீழே போய்விட்டது. நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். 'கொளக்.' விட்டேன். 'கொளக்.' சத்தம் வருவது நுனியிலிருந்து இல்லை, நாலடி தள்ளி, வலப்பக்க அச்சிலிருந்து!

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். அச்சைச் சுற்றி இருக்கிற இரும்பு உறைதான் புஷ், மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுக்கும் இடையே ஆறே அங்குலம். கை நாலடி, அதாவது 48 அங்குலம், எட்டு மடங்கு. அச்சில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் நுனி எட்டு மில்லிமீட்டர் தொங்கும். "நீங்கள் இங்கே கொண்டி மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் அப்பா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஏன் இவ்வளவு கெதியாகத் தேய்ந்தது?" என்று கேட்டு, டயரையும் டீசல் கேனையும் நிறுக்கச் சொன்னாள்.

கேன் கதை உனக்குத் தெரியாது. 2022 நினைவிருக்கும், நீ அங்கிருந்து செய்தி பார்த்துப் பதறிப் போன் எடுத்த வருஷம். ஜூலையில் எரிபொருளைப் பங்கிடுகிற கியூஆர் முறை வரும்வரை டீசல் வரிசையில் இரவு இரவாகப் படுத்தோம். கிடைத்த நாளில் வட்டைக்குக் கொண்டுபோய் உழவு மிசினுக்கு ஊற்றுவதற்காக, டயருக்கு அந்தப் பக்கம், கையின் நுனியோரம் கேனுக்கு ஒரு கூடு வெல்ட் பண்ணினேன். தட்டுப்பாடு போய்விட்டது. கூடும் கேனும் போகவில்லை, பழக்கமாகிவிட்டது.

நெல் நிறுக்கும் தராசில் டயர் ரிம்மோடு 33 கிலோ. 20 லீற்றர் டீசலோடு கேன் 21. டயரின் நடு, அச்சிலிருந்து ஒன்றேமுக்கால் அடி, கேன் மூன்றரை அடி. மகள் பெருக்கிக் காட்டினாள். திருப்பம் என்று அவர்கள் படிக்கிற கணக்கு. டயருக்கு 57 சொச்சம், கேனுக்கு 73 சொச்சம். பாரத்தில் சின்னதான கேன், இழுப்பதில் டயரை வென்றுவிட்டது! நானே என் கையால் ஒட்டிய கூடு. இரண்டு கராஜ்காரரையும் மனதுக்குள் வைததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் போய்ச் சொல்கிற அளவுக்கு இல்லை.

கையைக் கழற்றி ஆரையம்பதிப் பக்கம் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். வயதான பாஸ். அச்சை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு எப்ப கடைசியா கிறீஸ் வெச்ச?" என்றார். கிறீஸ் வைக்க வழியே இல்லாமல்தான் செய்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மேல் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது, கீழ் புஷ் அதற்கு நேரெதிர்ப் பக்கம் தேய்ந்து இன்னொரு முட்டை. உள்ளே மணலும் துருவும் கலந்த சேறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, இந்த ஊரில் துருவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய லொறி அக்ஸில் துண்டு ஒன்றைக் கடைந்து புது அச்சு செய்தார். இரும்பு புஷ்ஷுக்குப் பதிலாக வெண்கலத்தில் இரண்டு, உள்ளே கிறீஸ் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால், வெளியே கிறீஸ் அடிக்க நிப்பிள். அடியில் பாரம் உட்கார வெண்கலத்திலேயே ஒரு தடித்த வாசர். மணல் புகாமல் மேலும் கீழும் ரப்பர் வளையம். புது அச்சைக் கிறீஸ் பூசாமல் புஷ்ஷுக்குள் விட்டுக் காட்டினார். மெதுவாக, காற்று வெளியேற நேரம் கொடுத்து, அது இறங்கியதைப் பார்க்க வேண்டும் நீ! மூன்று கொண்டிக்குக் கொடுத்த காசைவிடக் குறைத்துத்தான் கேட்டார்.

மிச்ச வேலை வீட்டில் நானே. நுனிக்குக் கீழே பம்பரில் ஒரு தாங்கி வைத்தேன். கை மூடுகிற கடைசி ஓர் அங்குலத்தில் அதன்மேல் ஏறி உட்காரும்படி முன்விளிம்பைச் சரிவாகச் சீவினேன். இப்போது பாரத்தைத் தாங்கி சுமக்கிறது. கொண்டிக்கு வேலை பிடித்து வைப்பது மட்டும்தான், தூக்குவது இல்லை. இரும்பில் இரும்பு உரசினால் துருவும் கீச்சும் வரும் என்று தாங்கிக்குப் பிளாஸ்டிக் தேடினேன். தடிப்பான வெள்ளைப் பிளாஸ்டிக், தண்ணீர் குடிக்காது, வழுக்கும். குசினியில் இருந்தது. மனிசி கத்தரிக்காய் வெட்டுகிற பலகை. மூலையில் ஒரு துண்டுதான் எடுத்தேன்.

கொண்டி நாலாவது, அதே நெம்புகோல் சாதிதான். இந்த முறை மரையை இறுக்கி அடக்கவில்லை. டயரைக் கழற்றிவிட்டு, பிடி இரண்டு விரலுக்குப் படுக்கிற அளவில் வைத்தேன், பிறகு டயரோடு அரைச் சுற்று அரைச் சுற்றாகக் கூட்டினேன். உள்ளங்கையால் அமத்தினால் 'டக்'. அதற்குமேல் வேண்டாம். கைக்கும், அது மூடும்போது போய் முட்டுகிற ரப்பர் முட்டுக்கும் இடையே ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், கிழிந்தது, உருவி வரவில்லை. எதிர்நட்டையும் இறுக்கிவிட்டு, பிடி எழும்பாதபடி குறுக்கே ஓர் ஊசி. ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் முதல் நாளே வயலில் விழுந்துவிடும். கேன் கூட்டைக் கிரைண்டரால் அறுத்தாயிற்று. கேன் வாடியில் இருக்கிறது.

உன் வண்டியிலும் பின்னால் டயர்தானே? ஒருநாள் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார். சத்தம் வந்தால் கொண்டியைத் தொடாதே, மற்றப் பக்கம் போ.

நேற்று இரவு வட்டைக்குப் போனேன். வாடியில் காவலுக்கு இருக்கிற கிழவர், இத்தனை நாளும் ஜீப்பின் கடகடப்பை அரை மைல் தூரத்தில் கேட்டுத்தான் கேத்தலை அடுப்பில் வைப்பாராம். எனக்கு இது தெரியாது, போனவுடன் தேத்தண்ணி தயாராக இருப்பதை அவருடைய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். நேற்று நான் முற்றத்தில் கிறுகி நிற்கும்வரை அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பற்றைப் பக்கம் ஏதோ அசைகிறது, யானை என்று நினைத்து டோர்ச்சை என் முகத்தில் அடித்துக் கத்தினார். பிறகு கோபித்துக்கொண்டார். இனி வருவதென்றால் போன் எடுத்துவிட்டு வரவேண்டுமாம்.

ஆடியில் உகந்தை முருகன் கோயில் கொடியேற்றத்துக்கு நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லு. பொத்துவில், பாணமை தாண்டி ஜீப்பிலேயே போவோம், பஸ் வேண்டாம். பொதியில் கொண்டிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தால் அதில் நல்ல வெட்டுப் பலகை ஒன்று போட்டுவிடு. மூலை போனதை மனிசி நேற்றுக் கண்டுவிட்டாள்.

உன் பழைய கூட்டாளி