வயிற்றைப் பற்றிக் கேட்ட கண் டொக்டருக்கும் மற்றவர்களுக்கும்

ஆரையம்பதியில் தையல்கடை வைத்திருக்கிறேன். என் இடக்கண்ணைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு இந்த நன்றி மடல்.

முதல் நன்றி காத்தான்குடியில் பாமசியில் நிற்கும் தம்பிக்கு. கண் சிவந்து வலியெடுத்ததும் சொட்டு மருந்து கேட்டுப் போனேன். "வெளிச்சம் பார்க்கக் கூசுதா அண்ணன்?" என்றார். கூசியது. "இது சும்மா கண்ணோய் மாதிரித் தெரியல்ல. டொக்டர்ட துண்டு இல்லாம ஸ்டீரொயிட் சொட்டு தரமாட்டன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க." அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது.

மைத்துனர் ஓட்டோவில் ஏற்றினார். கல்லடிப் பாலத்தில் வாவி வெயில் கண்ணைக் குத்தும் என்று பக்கத் திரையை இறக்கிவிட்டார்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் நாடியை ஊன்றவைத்து, கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார் டொக்டர். கருவிழியின் ஓரத்தில் பிறை வடிவில் பச்சையாக ஒளிர்ந்ததாம். அதுதான் புண். அடுத்து அவர் கேட்டது: "மூட்டு நோகுதா? வயிறு எப்படி? மலத்தோட இரத்தம் போகுதா?" கண் கிளினிக்கில் இப்படியொரு கேள்வி! பின்னால் இருந்த அம்மா சிரித்தது என் காதில் விழுந்தது. எனக்குப் பல வருடமாகப் பெருங்குடல் அழற்சி. அந்தக் கிளினிக் கொப்பியையும் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் என் மனைவி. அவருக்குத் தனி நன்றி, வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

டொக்டர் விளங்கப்படுத்தியதை எழுதிவைக்கிறேன், என்னைப்போல் குடல் நோயோடு இருப்பவர்களுக்காக. கருவிழிப்படலம், அதாவது கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலம், நடுவில் அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் இரத்தக்குழாய் கிடையாது, குழாய்கள் ஓரத்தோடு நின்றுவிடும். குடலைப் புண்ணாக்கும் அதே நோயெதிர்ப்புக் கோளாறு அந்த ஓரத்தில் அழற்சியை மூட்டிப் படலத்தைக் கரைத்துவிடலாம். இது அரிது. வெண்விழி சிவப்பதும் கண்ணுக்குள்ளே அழற்சி வருவதும்தான் கூடுதலாம். குரோன் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய்க்குப் பெயர் தந்த அதே அமெரிக்க டொக்டர், 1925 இலேயே பெருங்குடல் புண்ணோடு வந்தவர்களின் கண் பாதிப்பை எழுதியிருக்கிறாராம்.

சொட்டு மருந்தால் மட்டும் இது தீராது. அதனால் கண் டொக்டரும் குடல் டொக்டரும் தங்களுக்குள் பேசி என் குளிசைகளை மாற்றினார்கள். இரண்டு கிளினிக் ஒரு நோயாளிக்காகப் பேசிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. ஸ்டீரொயிட் நீண்ட நாள் எடுத்தால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம் என்று ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கிறார்கள். கீழிமையை இழுத்துப் பிடித்து, போத்தல் நுனி படாமல் மருந்து விடப் பழக்கிய தாதி மிஸ்ஸிக்கும் நன்றி.

கண்ணுக்கு நல்லதென்று நந்தியாவட்டைப் பூவோடு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் அன்புக்கு நன்றி. பூவைச் சாமிக்கு வைத்தோம்.

சட்டைத் துணியைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்திருந்த வாடிக்கையாளர்களே, கடை இப்போது காலையில் திறந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணி மட்டும் கொஞ்சக் காலம் வேண்டாம். கறுப்பில் கறுப்பு நூல் இன்னும் சரியாகத் தெரியவில்லை.