மாநாடு வேறு, கண்காட்சி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் தங்கள் ஊரில் செய்த ஆய்வை அறிக்கையாக முன்வைக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மாவட்டச் சுற்று நடக்கும்போதெல்லாம், தங்கள் நாளிதழ் உட்படப் பல இதழ்களில் 'அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் அசத்தல்' என்றுதான் செய்தி வருகிறது. தலைப்பில் ஒரு சொல் மாறியதற்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று கேட்கலாம். அந்தச் சொல்லை நம்பித்தான் பல பள்ளிகள் தெர்மாகோல் எரிமலையோடு மாநாட்டுக்கு வந்து இறங்குகின்றன. முதல் சுற்றிலேயே ஊர் திரும்புகின்றன.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய அறிவியல் போட்டிகள் ஒரே வேரில் கிளைத்தவை அல்ல. 1963இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. தொடங்கிய தேசிய அறிவியல் திறனறித் திட்டம் முதலில் டெல்லிக்கு மட்டும்; உதவித்தொகை 10 பேருக்கு. மறு ஆண்டே நாடு முழுவதும் விரிந்து 350 ஆனது. எழுத்துத் தேர்வு, அறிவியல் கட்டுரை, நேர்காணல் ஆகியவற்றோடு, மாணவர் செய்த ஆய்வின் அறிக்கையையும் அப்போது கேட்டார்கள். 1976இல் 10+2+3 கல்வி முறைக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றியபோது பெயரிலிருந்து 'அறிவியல்' போனது. கூடவே ஆய்வறிக்கையும் போனது. கொள்குறி வினாத்தாள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1971இல் தொடங்கிய தேசிய அறிவியல் கண்காட்சி இன்னொரு பாதை. மேசை, சார்ட், இயங்கும் மாதிரி என்பது அதற்கு உரிய வடிவம். 2008இல் வந்த இன்ஸ்பயர் திட்டத்தின் மானக் விருது வேறு வகை: புதிய யோசனையைப் பதிவு செய்து தேர்வானால், மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள்.

குழந்தைகள் அறிவியல் மாநாடு இந்த மூன்றிலும் சேராது. மத்தியப் பிரதேசத்தின் குவாலியரில் ஒரு தன்னார்வ அமைப்பு தொடங்கிய முயற்சி, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 1993 முதல் நாடு முழுவதும் நடக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதை எடுத்து நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மாணவர் ஆய்வுக்கு 1976இல் சாத்திய கதவைத் திறந்தது இந்த மாநாடுதான் என்பது என் கணிப்பு. இங்கே கேட்பது பொருளை அல்ல. உன் ஊரில் ஒரு கேள்வியை எடுத்தாயா, அளந்தாயா, அளந்ததிலிருந்து என்ன தெரிந்தது என்பதுதான் கேள்வி. தாய்மொழியிலேயே சொல்லலாம். வகுப்பு கணக்கில்லை, வயதுதான் கணக்கு: டிசம்பர் 31 அன்று 10 முதல் 14 வயதுக்குள் இளநிலை, 14 முதல் 17க்குள் முதுநிலை. பள்ளியை விட்டு நின்ற குழந்தையும் சேரலாம். இந்த விதி பலருக்குத் தெரியவே தெரியாது. முதலில் ஐவர் சேர்ந்து ஓர் அணி. பின்னாளில் அது இருவராகச் சுருங்கியது. கருப்பொருள் இரண்டு ஆண்டுக்கு ஒன்று: 2004-05இல் நீர்வளம், 2006-07இல் பல்லுயிர், 2012-13இல் ஆற்றல், 2014-15இல் வானிலையும் காலநிலையும்.

எங்கே பிசகுகிறது என்பதற்கு வானிலைத் தலைப்பில் பிள்ளைகள் முதலில் கைவைக்கும் மழைமானியே போதும். குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகுவார்கள். சரிதான், ஆனால் பாட்டில் நேராக இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும், வாயும் உடலும் ஒரே விட்டமாக இருக்க. அடிப்பகுதி குழிகுழியாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அங்கே சுழியம் குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடியிலிருந்து அளவுகோலை ஒட்டினால் சிறுதூறல் எல்லாம் கணக்கில் பிழையாகிவிடும். 10 செ.மீ. வாய் உள்ள புனலை 5 செ.மீ. விட்டமுள்ள புட்டியில் வைத்து நீரின் உயரத்தை அப்படியே எழுதும் அணிகளும் உண்டு. பரப்பு நான்கு மடங்கு என்பதால் 10 மி.மீ. மழை அவர்கள் குறிப்பேட்டில் 40 மி.மீ. ஆகிவிடும். அளவு உருளையில் ஊற்றிப் பார்த்தால் சிக்கல் இல்லை: 10 செ.மீ. புனலின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; 78.5 மி.லி. சேர்ந்தால் 10 மி.மீ. மழை. நான்கு மீட்டர் சுவர் இருந்தால் எட்டு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு எடுத்தால், அதே நேரத்தில் எடுக்கும் வானிலை ஆய்வு மையத்தின் அளவோடு ஒப்பிடலாம். ஒருநாள் ஏழுக்கும் மறுநாள் பதினொன்றுக்கும் எடுத்தால் எதோடும் ஒப்பிட முடியாது.

மழையில்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுவது இன்னொரு தவறு. மழை இல்லையென்றால் 0, அளக்கவில்லையென்றால் கோடு. இரண்டும் ஒன்றல்ல. மதிப்பீட்டாளர் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குவதே இதைப் பார்க்கத்தான். மூன்று மாதக் குறிப்பு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் அது எப்போது எழுதப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளின் குற்றமுமல்ல. அவர்களிடம் தகவல் வந்து சேர்ந்ததே கடைசி வாரத்தில்தான்.

வீடு வீடாகக் கேட்கும் ஆய்வில் வினாத்தாளே ஆளைக் கவிழ்க்கும். 'நீரைச் சேமிப்பது அவசியமா?' என்று கேட்டால் ஊரே ஆமாம் என்னும். 'நேற்று எத்தனை குடம் செலவானது?' என்று கேட்டால்தான் எண் கிடைக்கும். கேட்டது 12 வீடு, ஆமாம் என்றது 8 வீடு. அறிக்கையில் அது '66.67 சதவீத மக்கள்' ஆகிவிடும். 12இல் 8 என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

மற்றவை விதிமுறைக் கையேட்டில் உள்ளவை. இளநிலைக்கு 2,500 சொல், முதுநிலைக்கு 3,500 சொல் அறிக்கை. பேச 8 நிமிடம். 55க்கு 70 செ.மீ. அளவில் நான்கு சுவரொட்டிகள். எட்டு நிமிடத்தில் ஐந்தை வரவேற்புரைக்கும் புவி வெப்பமயமாதலுக்கும் செலவழித்துவிட்டு, சொந்த அட்டவணைக்கு வரும்போது மணி அடித்துவிடும். பெரியவர் எழுதிக் கொடுத்த உரை என்றால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கருப்பொருளும் துணைத் தலைப்புகளும் அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே, வயது வரம்பையும் பதிவுக்கான கடைசி நாளையும் சேர்த்து மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிட வேண்டும். பரிசு பெற்றவர் படத்தைப் போடும்போது, அவர்கள் எதை, எத்தனை நாள், எதனால் அளந்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் நல்லது. தலைப்பில் 'மாநாடு' என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவர்,
மதுரை