செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அம்மா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய, சென்னையில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வளர்ப்போரின் நம் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. மாதக் கூட்டம் ஒன்பது நடந்தது. டிசம்பர் கூட்டம் புயலால் நின்றது. இன்னும் இரண்டு, போதிய பேர் வராததால் கலைந்தன. ஆகஸ்டில், பவளம் போன்ற ஜோவாந்தஸ் என்ற கடலுயிரைத் துண்டு வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் ஏன் கட்டாயம், அதில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் நஞ்சு என்ன செய்யும் என்று ஒரு வகுப்பு நடந்தது. செப்டம்பரில் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளுக்குச் சேர்ந்து போய்வந்தோம். பிப்ரவரியில் மென்பவளத் துண்டுப் பரிமாற்றம் நடந்தது. பதிவேட்டின்படி உறுப்பினர்கள் 58 பேர்.

இனி மாதிரித் தொட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "சங்கப் பணத்தில் செயலாளர் தன் வீட்டுக்குத் தொட்டி கட்டிக்கொண்டார்" என்று ஒரு பேச்சு உலவுவது என் காதுக்கும் வந்தது.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் நாம் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. நம்மில் பலர் முதலில் கண்ணாடித் தொட்டியை வாங்கி ஹாலில் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பிளக் பாயின்ட் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வரும், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவியை எங்கே வைப்பது என்று யோசிக்கிறோம். ஒரு பெரிய தொட்டியை முதல் கோட்டிலிருந்து காகிதத்தில் போட்டு, எல்லோரும் கூடவே இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். இடம் தர யாரும் முன்வரவில்லை. அதனால் நங்கநல்லூரில் என் வீட்டுத் தரைத்தள ஹாலைக் கொடுத்தேன். கண்ணாடி, ஸ்டாண்டு, விளக்கு, சில்லர், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், மோட்டார்கள் எல்லாம் என் சொந்தச் செலவு. சங்கப் பணத்தில் வாங்கியவை தண்ணீரில் கரைந்த உப்புகளை நீக்கும் ஆர்ஓ டிஐ கருவி, உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீர்ச் சோதனைக் கிட்டுகள், மீன்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் சிறு தொட்டி ஆகிய நான்கு மட்டுமே. நான்கும் சங்கச் சொத்துப் பதிவேட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தொட்டி 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம். கொள்ளளவு 850 லிட்டர். 15 மி.மீ. கண்ணாடியில் வெறும் தொட்டியே ஏறக்குறைய 170 கிலோ. தண்ணீர், பாறை, மணல், தண்ணீர் இறங்கி வந்து மேலே திரும்பும் கீழ்த்தொட்டியான சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால் டன்னைத் தாண்டுகிறது. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் விழுவது 900 கிலோவுக்கு மேல். மாடி ஃபிளாட்டில் இருக்கும் உறுப்பினர்கள் தயவுசெய்து இந்த ஒரு கணக்கையாவது மனதில் வையுங்கள். தளத்தின் நடுவில் வைக்காமல் பீமுக்கு மேலே, தூண் பக்கமாக வைத்தாலும், ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் இந்த அளவு வேண்டாம்.

பாறைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. "ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக் கல் நல்லா இருக்கும், சல்லிசாக் கிடைக்கும்" என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. சங்கத்தின் நிலையை மறுபடியும் எழுத்தில் வைக்கிறேன். 2001 ஜூலையில் கல் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அப்புறம் 1998இலும் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. மிச்சம் இருப்பதில் ஒரு கல்லைக் கூட நம் ஹாலுக்காக எடுக்கக் கூடாது. நம் தொட்டியில், வளர்ப்போர் மென்பவளம் என்று அழைக்கும் வகைகள் மட்டும்தான் இருக்கின்றன: டோட்ஸ்டூல் லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ். அவையும் உறுப்பினர்கள் தொட்டியில் வளர்ந்தவற்றின் துண்டுகள்.

அதனால் பாறைகளை மே மாதம் மொட்டைமாடியில் நாங்களே வார்த்தோம். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு, வெள்ளைச் சிமென்ட், கல்லுப்பு. ஈர மணலில் கையால் குழி பறித்து அதில் கலவையைக் கொட்டினால் மேடும் பள்ளமுமாக உருவம் தானே வந்துவிடும். இறுகியபின் தண்ணீரில் போட்டால் உப்புக் கரைந்து, இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிறது. ஆனால் புதுச் சிமென்ட் தண்ணீரின் பிஎச் அளவை 11க்கு மேல் ஏற்றிவிடும். பழைய சின்டெக்ஸ் தொட்டியில் ஊறவைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, ஏழு வாரம் கழித்துத்தான் 8.4க்கு இறங்கியது. அவசரப்பட்டிருந்தால் முதல் மீனே செத்திருக்கும். தண்ணீர் மாற்ற முறை போட்டுக் கொடுத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் முறைப்படி ஆட்கள் வந்தார்கள். மீதி ஐந்து வாரம் நானும் என் மனைவியும்தான்.

ஜூலை 9, ஞாயிறு. தொட்டி டெம்போவில் வந்து இறங்கிய நாள். குழுவில் "வருகிறேன்" என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். வந்தது மூன்று பேர். டெம்போக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார், பின்னால் தண்ணீர் லாரி வேறு வழி கேட்கிறது. கடைசியில் எதிர்வீட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். மேஸ்திரியும் ஐந்து ஆட்களும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். தூக்குவதற்கு முன்னால் மேஸ்திரி ஸ்டாண்டைப் பார்த்தார். "சார், ரசமட்டம் நெஜம் சொல்லாது, இவ்ளோ நீளத்துக்கு டியூப் லெவல்தான்" என்று தண்ணீர் நிரப்பிய டியூபைக் கொண்டுவந்து இரண்டு முனையிலும் பிடித்தார். இடதுபக்கம் நாலு மி.மீ. தாழ்ந்திருந்தது. நான் மூன்று முறை அளந்தும் என் கண்ணுக்குப் படாதது. தகடு கொடுத்துச் சரிசெய்து, அதன்மேல் தெர்மாகோல் விரித்து, அப்புறம்தான் தொட்டி ஏறியது. "இவ்ளோ பாரத்துக்குத் தெர்மாகோலா?" என்று அவர் கேட்டார். சிறு மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும், கண்ணாடியின் ஒரே புள்ளியில் பாரம் விழாது என்று சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். அந்த ஆறு பேருக்கும் இந்தச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

சம்ப் 4 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 255 லிட்டர். ஓடும்போது 160 லிட்டர்தான் இருக்கும். மீதி இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கரண்ட் போனால் மேலே இருக்கும் தண்ணீர் கீழே வரும். மேல்தொட்டியில் இரண்டு செ.மீ. இறங்கினாலே 28 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் ரிட்டர்ன் பைப்பின் வாய் பத்து செ.மீ. ஆழத்தில் இருந்து, காற்று புக ஒரு சின்ன ஓட்டை போடாமல் விட்டால் 140 லிட்டர் கீழே வந்து, சம்ப் நிரம்பி, மிஞ்சியது ஹாலில் ஓடும். அந்த ஓட்டையைப் போட்டு, மெயின் சுவிட்சை ஐந்து முறை அணைத்துப் பார்த்த பிறகே உப்பைக் கலந்தோம்.

எங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், 1,100. அதை ஆர்ஓ டிஐயில் விட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 950 லிட்டர் சேர்க்க ஐந்து நாள் ஆனது. கிட்டத்தட்ட மூவாயிரம் லிட்டர் கழிவுநீர் வந்தது. துணி துவைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தினோம். உப்பு 35 கிலோ போயிற்று. ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்து, உவர்ப்பு 35இல் நிறுத்தினோம். சில்லர் கருவியை ஹாலில் வைக்காமல் சுவரைத் துளைத்துப் பின்பக்கம் வைத்தோம். தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அது அறைக்குள்ளேயே கக்கினால், அதைத் தணிக்க ஏசி ஓட வேண்டும். ஈபி பில் இரண்டு பக்கமும் ஏறும். ஆகஸ்டில் அம்மோனியா ஊற்றி, அதைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்த்தோம். செப்டம்பர் நடுவில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். அக்டோபரில், ஆறு வாரம் தனிமையில் வைத்த இரண்டு க்ளவுன் மீன்களை விட்டோம். கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியில் பிறந்த குஞ்சுகள். கேரளத்து விழிஞ்ஞத்திலும் நம் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் ஆய்வு நிலையங்களில் நம் விஞ்ஞானிகள் இதைச் சாதித்துக் காட்டியிருக்கும்போது கடல் மீனுக்கு நாம் ஏன் போக வேண்டும்?

அடுத்து மிக்ஜாம் புயல். டிசம்பர் 4 விடியற்காலை போன கரண்ட், எங்கள் தெருவுக்கு 46 மணி நேரம் கழித்து வந்தது. திட்டம் போடும்போதே தொட்டிக்குத் தனி இன்வெர்ட்டர் லைன் எடுத்திருந்தோம். விளக்கு, ஸ்கிம்மர், ரிட்டர்ன் மோட்டார் எதுவும் அதில் கிடையாது. தண்ணீரை அசைக்கும் ஒரே ஒரு வேவ்மேக்கர், குறைந்த வேகத்தில். மீனுக்கு உணவை நிறுத்திவிட்டோம். வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஃபேன் கூடப் போடவில்லை. தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டே இருந்ததால் ஆக்சிஜன் குறையவில்லை. ஓர் உயிர் கூடப் போகவில்லை.

5ஆம் தேதி காலை மடிப்பாக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். தலையில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே இரண்டு மீன், ஒரு லெதர் பவளம். வாயைத் திறக்க முடியவில்லை அவரால். பெட்டியை மட்டும் நீட்டினார். சங்கத்தின் தனிமைத் தொட்டியில் பேட்டரி ஏர் பம்பை வைத்து அவற்றைக் காப்பாற்றினோம். அந்த வாரம் இன்னும் நான்கு உறுப்பினர்கள் தொட்டியை மொத்தமாக இழந்தார்கள். இன்வெர்ட்டர் பற்றி ஜூன் கூட்டத்தில் பேசினேன். அன்று வந்தவர்கள் ஒன்பது பேர். அந்த நான்கு பேரில் ஒருவராவது அன்று இருந்திருக்கக் கூடாதா என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

வரவு செலவு: பொருளாளர் அம்மா தனியாக வாசிப்பார்கள். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. சிறு பற்றாக்குறையை இப்போதைக்குக் கைப்பணத்தில் சமாளித்திருக்கிறோம். பற்றாக்குறைக்குக் காரணம் ஒன்றுதான், வர வேண்டிய பணம் வராதது. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய் கட்டியவர்கள் 31 பேர். 27 பேர் கட்டவில்லை, அவர்களில் எட்டுப் பேருக்கு இரண்டாம் ஆண்டு பாக்கி. சங்கக் கருவியிலிருந்து உறுப்பினர்கள் எடுக்க லிட்டர் 2 ரூபாய் என்று வைத்த ஆர்ஓ தண்ணீரிலும் 1,140 லிட்டருக்குப் பணம் வரவில்லை. நோட்டில் எழுதாமல் எடுத்துப்போனது இதில் சேராது. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் சங்கம் காத்திருக்கும். வசதி இருந்தும் கட்டாதவர்கள், வேறு உறுப்பினரின் பணத்தில் தண்ணீர் எடுக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: எப்போது அழைத்தாலும் வந்த தலைவர் அவர்களுக்கு, கணக்கைப் பைசா விடாமல் எழுதிய பொருளாளர் அம்மாவுக்கு, கூட்டத்துக்கு இடம் தந்த நண்பருக்கு, ஜூலை 9 அன்று வந்த மூவருக்கு, ஹாலை விட்டுக்கொடுத்த என் குடும்பத்தாருக்கு.

அடுத்த ஆண்டைப் பற்றி. ஆர்ஓ கருவியின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனை மாற்ற வேண்டும். வெளியே வரும் தண்ணீரின் டிடிஎஸ் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. இரு வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதத் தண்ணீர் மாற்ற இரண்டு கைகள் வேண்டும். நாலு ஆண்டாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். நான் வெளியூர் போனால், ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் நன்னீரை ஊற்ற ஆள் இல்லை என்பதால் போன பொங்கலுக்கு ஊருக்கே போகவில்லை. இன்னும் ஓர் ஆண்டு இருக்கச் சொன்னால் இருப்பேன். ஆனால் தொட்டிக்கு ஆறு பேர் கொண்ட ஒரு குழு அமைந்து, வாரத்துக்கு ஒருவர் சாவி வாங்கிப் பொறுப்பெடுத்தால்தான் அது முடியும். அந்தக் குழுவுக்கான தாள் மேசைமேல் இருக்கிறது. முதல் பெயராக மடிப்பாக்கம் உறுப்பினர் இன்று காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் ஐந்து கோடு காலியாக இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் அதே மேசையில், பொருளாளர் அம்மாவிடம்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்