கிவியும் செவியும்

ஆசிரியருக்கு,

தெலுங்கும் கன்னடமும் தமிழிலிருந்து திரிந்தவை என்று அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஒலி ஒத்த சொற்களை அடுக்கிவிட்டு அதையே சான்று என்கிறது. ஒலி ஒத்தாலே உறவு என்றால் எங்கள் வடசென்னைப் பேச்சு உருதுவுக்கும் டச்சுக்கும் சொந்தமாகிவிடும். பேஜாரும் கலீஜும் உருது வழி வந்தவை. துட்டு ஒரு டச்சுக் காசின் பெயர். வாங்கிய சொல் வேறு, பிறந்த சொல் வேறு.

உறவைக் காட்டுவது, ஒலி ஒரே மாதிரி மாறும் ஒழுங்கு. பால், பல், புது ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹொஸ. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. (ஓசூரில் ஒட்டியிருப்பது அந்த ஹொஸதான், நம் கணக்கில் புத்தூர்.) ஏழு, கோழி தெலுங்கில் ஏடு, கோடி, நம் ழகரம் அங்கே டகரம். இங்கெல்லாம் பழமையைக் காத்தது தமிழ்.

ஆனால் செவி கன்னடத்தில் கிவி. சிறிய என்பது கிரிய. இகர, எகர உயிர்களுக்கு முன் நின்ற ககரத்தைத் தமிழ் சகரமாக்கிவிட்டது, கன்னடம் ஆக்கவில்லை. இந்தச் சொற்களில் மூத்த வடிவம் நம்முடையதல்ல. அப்படியானால் கெடு, கிளி, கேள் மட்டும் தப்பியது எப்படி? அடுத்து ட, ள, ழ போன்ற, நாக்கை வளைத்துச் சொல்லும் வளைநா ஒலி வந்தால் தமிழில் மாற்றம் தடைபடும். தெலுங்கில் அந்தத் தடையும் இல்லை: கெடு அங்கே செடு, கிளி சிலுக. தமிழைத் தாயாக வைத்தால் கிவிக்கு விளக்கம் கிடையாது. மூன்றும் மூலத்திராவிடம் என்ற பழைய பொது மொழியின் பிள்ளைகள் என்றால் எல்லாம் பொருந்துகிறது.

இவை தனிக் குடும்பம் என்பதற்கு எல்லோரும் கால்டுவெல்லின் 1856 ஒப்பிலக்கணத்தைச் சொல்வார்கள். அதற்கு 40 ஆண்டு முன்பே, 1816இல், சென்னை கலெக்டர் எல்லிஸ், காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, தெலுங்கு வடமொழியில் பிறந்ததல்ல என்று காட்டிவிட்டார்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுவோர் உண்டு. அவர்களிடம் ப்ராஜெக்ட்டுக்குச் சொல் சேகரிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கேட்கும் முறையில். 'காதுக்குத் தெலுங்குல என்ன?' என்று தமிழில் கேட்டால் பதிலில் தமிழ் கலந்துவிடும். காதைத் தொட்டுக் காட்டி, முழு வாக்கியமாகப் பேசவிட்டு எழுதுங்கள். உடலுறுப்பு, எண், உறவுப்பெயர், அன்றாட வினை என நூறு சொல் போதும். முகம், சூரியன் போன்ற வடசொற்களை முதலிலேயே கழித்துவிடுங்கள். அவை எல்லா மொழியிலும் ஒத்துத்தான் இருக்கும். தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொண்டால் k, g இரண்டும் ஒரே ககரமாகிவிடும், தேடிய வேறுபாடே காணாமல் போகும். ஒலிக்கு ஒரு குறி என்று எழுதும் ஒலிக்குறி எழுத்து பழகுவது ஒரு வார வேலை.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் மொழியியலாளர்கள் பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் பார்க்க வேண்டும். 1984 பதிப்பில் 5,500க்கு மேற்பட்ட பதிவுகள், இணையத்தில் இலவசம். அதில் இல்லாத சொல் என்றால் கடன்சொல்லா என்று முதலில் சந்தேகப்படுங்கள். இருந்தாலும் ஒரு சொல்லை வைத்து விதி எழுதக் கூடாது. அதே மாற்றம் இன்னும் நாலைந்து சொல்லிலாவது தென்பட வேண்டும்.

வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81