பிள்ளைகளின் கையெழுத்து மாறுவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா மட்டும் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு நோட்டுகள் வைத்திருந்தார். ஒன்று மகள் நாலாம் வகுப்பில் எழுதியது, இன்னொன்று இந்த வருடத்துச் சமூக அறிவியல் நோட்டு. பழைய நோட்டில் எழுத்துகள் முத்து முத்தாகக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. புதியதில் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, சுழிகள் சுருங்கி, நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. "இருந்த எழுத்தும் போயிடுச்சு டீச்சர். தினம் ரெண்டு பக்கம் இம்போசிஷன் கொடுங்க" என்றார். இந்த வருடம் இதே கவலையைப் பல பேர் சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோருக்குமாக இந்தக் கடிதம்.

அந்தப் புது நோட்டை நான் கடைசிப் பக்கம் வரை படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொந்தக் கையெழுத்து வர ஆரம்பித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்க, நாங்கள் எழுதக் கற்றுக்கொடுக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் முதலில் மணலில் விரலால் எழுதச் சொல்கிறோம், பிறகு சிலேட்டில். நேர்கோடு, படுகோடு, வளைவு, சுழி என்று கை பழகிய பிறகே எழுத்து. ட, ப இரண்டும் நேர்கோடுகளிலேயே முடிந்துவிடும் என்பதால் அவற்றை முன்னால் தருகிறோம். அ என்ற எழுத்தில் சுழியும் வளைவும் கோடும் ஒன்றாக வந்து நிற்கின்றன, ஐந்து வயது விரலுக்கு அது பெரிய வேலை. "வீட்டில் அ, ஆ சொல்லிக்கொடுத்தோம், பள்ளியில் ஏன் ட, ப?" என்று கேட்ட பெற்றோருக்கு இதுதான் பதில். இரண்டாம் வகுப்பிலிருந்து தமிழுக்கு இரட்டைக் கோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு. ஆங்கிலத்தில் கர்சிவ் மூன்றாம் வகுப்பில்தான். யூகேஜியிலேயே கர்சிவ் எழுத வைக்கும் பள்ளிகள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. தனித்தனி எழுத்தே கைவராத வயதில் சேர்த்தெழுதச் சொன்னால், பிள்ளை எழுத்தை மறந்துவிட்டுக் கோட்டை வரைகிறது. பின்லாந்தில் 2016 முதல் சேர்த்தெழுதுவது கட்டாயப் பாடமே இல்லை. பிரான்சில் இன்றும் சின்ன வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறார்கள். எந்த வடிவத்தை எப்போது கற்பிப்பது என்பது அந்தந்த ஊர்ப் பள்ளிகள் எடுக்கும் முடிவுதான்.

தமிழிலும் அப்படித்தான். நான் எழுதப் பழகிய காலத்தில் லை, னை, ணை, ளை நான்கும் இப்போதைய வடிவத்தில் இல்லை. எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறி நிற்கும். றா, ணா, னா எழுதத் தனியாகத் துணைக்கால் போட மாட்டோம், அந்த எழுத்தையே கீழே வளைத்துவிடுவோம். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டு இப்படிப்பட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. 1935-லேயே பெரியார் தன் குடி அரசு இதழில் பயன்படுத்திக்காட்டிய வடிவங்கள் அவை. பாடநூல் மாறியபோது எங்கள் வகுப்பே ஒரு வடிவத்தை விட்டு இன்னொரு வடிவத்துக்கு மாறியது. கொஞ்ச நாள் ஒரே பக்கத்தில் இரண்டு லையும் வரும். டீச்சர் சிவப்பு மையில் சுழிப்பார்.

என் பெயரில் ஒரு லை இருக்கிறது. அப்பா அதைக் கடைசி வரை தும்பிக்கையோடுதான் எழுதினார். நான் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் வந்த இன்லண்டு லெட்டர்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அனுப்புநர் பெயரைப் பார்க்கவே வேண்டாம், அந்த லை ஒன்றே போதும். அவர் வகுப்பில் கற்ற அதே வடிவம்தான் என்றாலும், தும்பிக்கையை அவ்வளவு நீளமாக இழுத்து முன்னெழுத்தின் மேல் கூரை போல விடுவது அவர் ஒருவர்தான். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெரியப்பாவின் லை குட்டையாக, மடக்கிவைத்த மாதிரி இருக்கும்.

ஒரே டீச்சர், ஒரே கரும்பலகை, ஒரே நோட்டு. ஆனாலும் எழுத்து ஆளுக்கொரு விதம். எங்கள் எட்டாம் வகுப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். பெயர் எழுத மறந்த விடைத்தாள் வந்தால், வகுப்பாசிரியர் இரண்டு வரி பார்த்துவிட்டு யாருடையது என்று சொல்லிவிடுவார். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம்கூட, ஒருவருடைய எழுத்தோடு பழகியவர் "இது அவர் எழுதியதுதான்" என்று சொல்வதை 47-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றத்துக்காகக் கையெழுத்தை ஒப்பிடும் நிபுணர்களும், பள்ளியில் எல்லோரும் கற்ற பொது வடிவத்தைத் தனியே வைத்துவிட்டு, இவர் அதிலிருந்து எங்கே விலகுகிறார் என்று பார்க்கிறார்கள். சாய்வு, இடைவெளி, அழுத்தம், பேனாவை எங்கே வைத்து எங்கே எடுக்கிறார் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நோட்டில் எழுதும்போது விரலும் மணிக்கட்டும்தான் அசைகின்றன. கரும்பலகையில் தோளிலிருந்து மொத்தக் கையும் நகர்கிறது. வேலை செய்யும் தசைகளே வேறு. ஆனாலும் சாக்பீஸில் பெரிதாக எழுதினாலும், பேனாவில் பொடியாக எழுதினாலும், எழுத்து அதே ஆளுடையதாகவே தெரியும். எழுத்தின் வடிவம் விரல்களுக்குள் இல்லை, மூளையில்தான் படிந்திருக்கிறது. அடுத்த முறை வகுப்பறைக்கு வரும்போது ஆசிரியரின் பலகை எழுத்தையும் அவர் நோட்டில் போட்ட குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, ஆறாம் வகுப்புக்கு மேல் ஏன் திடீரென்று மாறுகிறது? முதல் காரணம் வேகம். அதுவரை பார்த்து எழுதிய பிள்ளை இப்போது கேட்டு எழுதுகிறது. கை சுருக்குவழி தேடும். பேனாவை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் இழுக்கும். அப்புறம், பென்சிலிலிருந்து பேனாவுக்கு வருகிறார்கள். ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு போகும், பால்பாயிண்ட் அழுத்தம் கேட்கும். கூடப் படிப்பவரின் எழுத்து பிடித்துப்போய் அதே மாதிரி எழுதிப் பார்ப்பதும் இந்த வயதில்தான். இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றில் நிலைப்பார்கள்.

ஆகவே ஆசிரியர்களோடு பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் கற்றுத்தரும் வடிவத்தையே எழுத வேண்டும். அதற்கு மேல் சாய்வு, அளவு, அழகு எதற்கும் மதிப்பெண் குறைக்க மாட்டோம், கையெழுத்துக்காக இம்போசிஷனும் கிடையாது. படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்ப்போம். அதில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி. அவசரத்தில் ஒரு சுழி குறைந்தால் மணம் மனமாகிவிடும். இரட்டைக் கொம்பை ஒற்றையாகப் போட்டால் கோடு கொடு ஆகிவிடும். ர-வின் அடியில் இழுக்காமல் விட்டால் துணைக்காலோடு குழம்பும். புள்ளியும் அப்படித்தான். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியை விட்டுவிடுவது வழக்கம், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். நம் பிள்ளைகள் எழுதுவது தாளில். பல் என்று எழுத நினைத்துப் பல என்று எழுதினால் தவறு தவறுதான்.

வீட்டில் உங்களிடம் நான் கேட்பது சிலதான். அக்காவின் நோட்டை எடுத்து வைத்துத் தம்பியைத் திட்டாதீர்கள். இடது கையால் எழுதும் பிள்ளையை மாற்றவே மாற்றாதீர்கள். நான் படித்த பள்ளியில் என் தோழியின் இடது கையைக் கட்டிவைத்து எழுத வைத்தார்கள். அவள் எழுதவே பயந்தாள். இடது கைப் பிள்ளைக்கு நோட்டின் மேற்பக்கத்தை வலப்புறமாகச் சாய்த்து வைத்தாலே எழுதியதைக் கை மறைக்காது. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிறோம், எழுத்தை மாற்றினால் குணமும் மாறும் என்று கட்டணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆராய்ச்சிகள் அந்தக் கூற்றை ஆதரிக்கவில்லை. ஆனால் பத்து வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்றாலோ, வாயால் அழகாகச் சொல்லும் பதிலை எழுத மட்டும் முடியவில்லை என்றாலோ, சோம்பேறி என்று சொல்லிவிடாமல் என்னிடம் வாருங்கள். எழுதுவதில் வரும் அந்தச் சிரமத்தை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. மதிப்பீடு செய்து சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி உண்டு.

கடைசியாக ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமை முன்வராந்தாவில் ஒரு சிறு காட்சி வைக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையால் எழுதியது ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள். பழைய கடிதம், பால் கணக்கு நோட்டு, பாட்டி எழுதிவைத்த மசாலாப் பொடிக் குறிப்பு, எதுவானாலும் சரி. 1978-க்கு முந்தைய லை, னை இருந்தால் இன்னும் நல்லது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அதை வாசித்துப் பார்க்கச் சொல்லப் போகிறோம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, எழுதியவர் பிள்ளைக்கு என்ன உறவு என்று ஒரு துண்டுச் சீட்டில் நீங்களே உங்கள் கையால் எழுதி ஒட்டி, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். அப்பாவின் இன்லண்டு லெட்டர் ஒன்றை நானும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்